பீரோவில் தங்கிப்போன இரண்டாம் பக்கம்

அருளு,

மாடியில் குடியிருக்கும் மகனுக்குக் கீழ்வீட்டிலிருந்து கடிதம் எழுதுகிற அப்பன், இந்த ஆவடியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன் அம்மா இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "பதினாறு படி ஏறிப் போயி வாயத் தொறந்து சொல்றத உட்டுட்டு, ஒரே ஊட்ல கீற புள்ளைக்கு லெட்டர் எழுதிகினு கீற. இன்னா மனுசன்யா நீ!" என்கிறாள். ஏறிப் பார்க்காமல் இல்லை. மூன்று தடவை ஏறினேன். மூன்று தடவையும் நீயும் ஜெனியும் தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பில் வழி பார்த்து, நாக்பூரில் எங்கே தங்குவது, வாரணாசியில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததைச் சொல்ல மனசு வருவதில்லை. "தண்ணி மோட்டார் போடட்டா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிடுகிறேன். நேற்று டேங்க் இரண்டு முறை நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர் ஓடியதற்கு இதுதான் காரணம்.

உனக்கும் ஜெனிக்கும் கல்யாணமாகி மூன்று மாதத்தில், போன வருஷம் வாங்கிய காரை எடுத்துக்கொண்டு நேபாளத்துக்கே ஓட்டிப் போகப்போகிறோம் என்று நீ சொன்ன அன்று எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சின்னப் பையன் மாதிரி உள்ளுக்குள் குதித்தேன். "நைனா, நீயும் வா. அம்மாவும் வரட்டும். நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்லாம்" என்று நீ சொன்னபோது, சரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாய் சொன்னது முட்டி வலி என்று. உன் முகம் ஒரு நிமிடம் வாடியது. பிறகு சமாளித்துக்கொண்டு ஜெனியிடம், "உனக்குத் தெரியாது ஜெனி, நைனாவோட இந்தியா நசரத்பேட்டையோட முடிஞ்சிடும்" என்று கிண்டல் செய்தாய். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். நீ சொன்னது நிஜம். நீ நாலாம் வகுப்புப் படித்த வருஷத்திலிருந்து நான் கம்பெனி பஸ்தான் ஓட்டினேன். ஆவடி, அம்பத்தூர் எஸ்டேட், பூந்தமல்லி, நசரத்பேட்டை. அங்கே வண்டியைத் திருப்பினால் மறுபடி ஆவடி. ரிட்டயர் ஆகும் வரை அதைத் தாண்டி நான் ஸ்டியரிங் பிடித்ததில்லை. ஆனால் முட்டி வலி மட்டும் பொய், அருளு. முந்தாநாள் திருநின்றவூர் ஏரிக்கரை வரை சைக்கிளில் போய்விட்டுத்தான் வந்தேன்.

இதை எழுத வைத்தது நீ எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிய அந்தப் படம். "நைனா, இன்சூரன்ஸ் ரெடி, டென்சன் ஆவாத" என்று போட்டிருந்தாய். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பாலிசியின் முதல் பக்கம். உன் பெயர், வண்டி நம்பர், இன்ஜின் நம்பர், கலர் கலராக எழுத்து. அவ்வளவுதான். மாடிப்படியில் உன்னை நிறுத்தி மீதிப் பக்கமெல்லாம் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் சும்மா ரூல்ஸ் நைனா, யாரு படிக்கறாங்க? எதுனா வேணும்னா போன்ல கீது" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய்விட்டாய். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ என் பிள்ளை என்பதில் இனிமேல் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

உனக்கு நம் வேன் ஞாபகம் இருக்கிறதா? சந்தன நிறம், கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவாயே, அதுதான். என் சொந்த வண்டி. வேளாங்கண்ணி, திருப்பதி, சபரிமலை என்று எந்தச் சாமிக்கும் போகும். நீ நாலாம் வகுப்புப் படித்த வருஷம், நம் பக்கத்துத் தெருப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து முக்திநாத் போகவேண்டும் என்று வந்தார்கள். நேபாளம்! அன்று நான் சாப்பிடவே இல்லை, அவ்வளவு குஷி. ஆவடியில் எந்த வேன்காரன் நேபாளம் போயிருக்கிறான்? எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அங்கிருந்தவர், "உங்க பாலிசி இந்தியாவுக்குள்ள மட்டும்தாங்க செல்லும். எல்லையத் தாண்டினா வண்டிக்கும் கிடையாது, நீங்க இடிக்கற ஆளுக்கும் கிடையாது" என்றார். அதற்குத் தனியாகப் பணம் கட்டினால், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நேபாளத்துக்கும் செல்லும் என்று எழுதித் தருவார்களாம். கட்டினேன். ஒரு தாளில் டைப் அடித்து, சீல் வைத்து, பாலிசியின் பின்னால் பின் அடித்துக் கொடுத்தார்கள். ரயிலில் வரும்போது அதை நாலு முறை படித்தேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் கூத்து. நம் வீட்டு வழக்கம் உனக்கே தெரியும். ஒரிஜினல் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ரேஷன் கார்டாகட்டும், உன் மார்க் ஷீட்டாகட்டும், ஒரிஜினல் பீரோவில். வெளியே எடுத்துப் போவது ஜெராக்ஸ். அவ்வளவு தூரம் போகிறோமே, தொலைந்துவிட்டால் என்ன ஆவது என்று பாலிசியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, உன் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். அதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன், "அண்ணாத்தே, பின்னாடி ஒரு ஷீட்டு கீதே, அதையும் போடவா?" என்று கேட்கத்தான் செய்தார். நான் கூட்டத்தில் நின்றுகொண்டு பெரிய மனுஷத் தோரணையில், "மொத ஷீட்டு போதும்பா, வண்டி நம்பரு பேரு எல்லாம் அதுலயே கீது" என்றேன். இப்போது நீ படியில் நின்று சொன்னதைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

சுனௌலி எல்லையைத் தாண்டியபோது நான் இருந்த இருப்பை உன்னிடம் எப்படிச் சொல்வேன்! ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய தோரண வளைவு, அதற்கு அந்தப் பக்கம் வேறு நாடு. வண்டியின் முன்சக்கரம் நேபாளத்தில், பின்சக்கரம் இந்தியாவில். பெரியவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். வண்டி உள்ளே போகும் அனுமதிச் சீட்டை வாங்கும்போது ஒரு ஏஜெண்ட் வந்து, இந்த நாட்டுத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்சும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொன்னார். நான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, எங்களிடம் எல்லாம் இருக்கிறது என்று கையசைத்துவிட்டுக் கிளம்பினேன். பையில் இருந்தது அந்த ஒற்றை ஜெராக்ஸ்.

அதற்குப் பிறகு ஒரு விபத்து நடந்தது உன் அம்மாவுக்கு அப்போதே தெரியும். அது எப்படி நடந்தது என்பதை அவளுக்கே இந்த வாரம்தான் சொன்னேன். எல்லையிலிருந்து ஒரு மணி நேரம் போயிருப்போம். காலை வேளை, நேர் ரோடு, இரண்டு பக்கமும் வயல். திடீரென்று பின்சீட்டில் ஓர் அம்மா, "மலை! அதோ பனி மலை!" என்று கத்தினார். வடக்கே, வானத்தோடு ஒட்டினாற்போல வெள்ளையாக ஒரு கோடு. நான் பார்த்தேன், அருளு. ஓட்டுகிறவன் பார்க்கக்கூடாது, பார்த்தேன். கண்ணைத் திருப்பும்போது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் ரோட்டில் ஏறியிருந்தது. பிரேக் போட்டேன். போதவில்லை. இரண்டு பால் கேன்கள் உருண்டன, ரோடெல்லாம் பால். பால்காரர் கால் மடங்கிக் கிடந்தார். அவர்தான் குறுக்கே வந்துவிட்டார் என்று வண்டியில் இருந்தவர்கள் எனக்காகப் பேசினார்கள். நானும் அப்படியே சொன்னேன். இத்தனை வருஷமும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தப்பு என்னுடையது.

அவர் பெயர் கிஷன். தொடை எலும்பு முறிந்திருந்தது. அந்தச் சிறு பட்டணத்தின் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போலீஸ்காரர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். இன்சூரன்ஸ் தாளைக் கேட்டார்கள். ஜெராக்சைக் கொடுத்தேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் நேபாளம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது, பின்னால் இன்னொரு தாள் இருக்கிறது, என் வீட்டு பீரோவில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அழாத குறையாகச் சொன்னேன். "பீரோ இங்கே வராதே" என்றார். பெரியவர்களைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியை ஸ்டேஷனிலும் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நிறுத்திக்கொண்டார்கள். பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து எடுத்துவிட்டாள். உன் மாமா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். அவர் வந்து சேர ஒன்பதாவது நாள் ஆகிவிட்டது.

அந்த ஒன்பது நாளுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. உனக்குப் புதுநன்மை. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கையில் மெழுகுவத்தி. பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைக்கு ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா நிற்க வேண்டும். இந்தப் பக்கம் ஆள் இல்லாமல் நீ நின்றாய். நைனா எங்கே என்று கேட்டதற்கு, இன்ஜின் போய்விட்டது, மாமா பார்ட்ஸ் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். சொல்லச் சொன்னது நான். அந்தப் படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. நீ சிரிக்காமல் நிற்கிற ஒரே படம் அதுதான். அதைக் கடந்துதான் தினமும் காபி எடுக்கப் போகிறேன்.

இனி, இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லாத சந்தோஷமான பகுதி வருகிறது, கவனமாகப் படி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நம் கோயிலில் பூசை தொடங்கும் நேரத்தில், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கிஷனின் மனைவி வந்து நின்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அத்தனை நாளும் தன் புருஷனுக்குக் கொண்டுவரும் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு கொண்டுவந்தவர் அவர். ஏன் அழுகிறாய் என்று சைகையில் கேட்டார். "மேரா பேட்டா, ஆஜ், சர்ச்", அதாவது என் மகன், இன்று, கோயில் என்று சொல்லி, உன் உயரத்தைக் கையால் காட்டி, சட்டையைத் தொட்டு வெள்ளை என்று காட்டி, மெழுகுவத்தி பிடிப்பது மாதிரியும் வாயில் நன்மை வாங்குவது மாதிரியும் நடித்தேன். பிறந்தநாள் என்று புரிந்துகொண்டாரோ, கல்யாணம் என்றே புரிந்துகொண்டாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். வந்த வழியே விறுவிறுவென்று போய்விட்டார்.

மத்தியானம் ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்தார். பாயாசம்! அவர்கள் வீட்டு எருமைப்பால், அரிசி, மேலே முந்திரி. அந்த வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் கிண்ணத்தில் ஊற்றினார். முதல் கிண்ணம் எனக்கு. நான் காலை உடைத்த மனுஷன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்த்துக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்து ஏதோ சொன்னார். வார்டு பையன் அதை இந்தியில் எனக்குச் சொன்னான்: உன் மகனை ஒருநாள் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம், இந்தப் பாயாசம் சாப்பிட வேண்டியவன் அவன்தானாம். கட்டாயம் கூட்டிவருகிறேன் என்று தலையாட்டினேன். உன் புதுநன்மை விருந்து ஆவடியில் மட்டும் நடக்கவில்லை, அருளு.

மாமா தாளோடு வந்தார், வண்டியை விட்டார்கள். அந்த இரண்டாம் பக்கம் இருந்ததால் கிஷனின் வைத்தியத்துக்கும் காலுக்கும் சேரவேண்டியது பிறகு போய்ச் சேர்ந்தது என்று இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. நான்தான் போகவில்லை. ஒரு கடிதம் போடவில்லை. வெட்கம். வந்த மாதமே வேனை விற்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் சேர்ந்தேன். குடும்பத்தோடு இருக்கலாம் என்றுதான் விற்றேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பயந்து விற்றேன் என்பதுதான் உண்மை. பாலிசியில் தேர்ட் பார்ட்டி என்று ஒரு வார்த்தை வருமே, நீ படிக்காமல் தாண்டிப் போகிறாயே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பால் கேன் உருளும் சத்தம் கேட்கும். நம் வண்டிக்குப் பம்பர் போனால் மாற்றிக்கொள்ளலாம். முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஒருத்தர் நம்மால் படுத்துவிட்டால், நாம் அவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? அந்தத் தாள் அதற்குத்தான்.

அதனால் போன செவ்வாய்க்கிழமை, உன்னிடம் சொல்லாமல், உன் பாலிசி முழுவதையும் ஜெனியிடம் கேட்டு வாங்கி அச்செடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "நேபாளமா? கார்லயா போறீங்க? நான் இங்க ஜாயின் பண்ணதுலேர்ந்து யாருமே இதக் கேட்டதில்ல சார்!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார், இன்னொருத்தர் மலையை எந்த மாதம் நன்றாகப் பார்க்கலாம் என்று என்னிடமே கேட்டார். முழுசாகப் பார்த்தவன் மாதிரி பதில் சொன்னேன்! உன் பாலிசியின் மூன்றாம் பக்கத்தில், காப்பீடு செல்லுபடியாகும் இடம் இந்தியா என்று ஒற்றை வரி இருக்கிறது. நீ சும்மா ரூல்ஸ் என்றாயே, அது இதுதான். அதைவிடப் பெரிய வேடிக்கை, நீங்கள் பொக்காராவில் படகு விட்டுக்கொண்டிருக்கும் நாளில் பாலிசியே முடிகிறது. முன்கூட்டியே புதுப்பித்து, போகும் நாளிலிருந்து திரும்பும் நாளுக்கு மேல் ஒரு வாரம் வரை நேபாளத்துக்கும் சேர்த்து எழுதித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கார் உன் பெயரில் இருப்பதால் விண்ணப்பத்தில் நீதான் கையெழுத்துப் போடவேண்டும். கடிதத்தோடு வைத்திருக்கிறேன், போடவேண்டிய இடத்தில் பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. எல்லையில் அவர்கள் நாட்டுத் தேர்ட் பார்ட்டியும் எடுக்கவேண்டும். நம்மிடம்தான் இருக்கிறதே என்று சட்டைப் பையைத் தட்டாதே, ஒருத்தன் தட்டியது போதும். ஒரிஜினல் வண்டியில் வரும், ஜெராக்ஸ் பீரோவுக்குப் போகும். இதை வீட்டுச் சட்டமாகவே மாற்றிவிட்டோம், அம்மாவும் ஒத்துக்கொண்டாள். இன்னொன்று, ஜெனி உன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். நான் மாங்காடு வரை அவள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெறும் தரையில் பிரேக் மிதிக்கும் வேலையை விட்டுவிடு. அவளிடம் எதையும் மறைக்காதே. இன்ஜின் போய்விட்டது என்று ஒரு பொய் சொன்னால், அந்தப் பொய்யோடு இருபது வருஷம் பஸ் ஓட்ட வேண்டியிருக்கும்.

ஆமாம், நான் வருகிறேன். அன்றைக்கு நீ கூப்பிட்டது இன்னும் செல்லும் என்றால் நான் வருகிறேன். லைசென்சைப் புதுப்பித்துவிட்டேன். பையைக் கட்டி இரண்டு நாளாகிறது. உன் அம்மா எனக்கு முன்னாலேயே கட்டிவிட்டாள். நாலு பேர், ஒரு கார், நசரத்பேட்டையைத் தாண்டி! நினைக்கும்போதே கை பரபரக்கிறது. எவ்வளவு தூரம் சொன்னாலும் ஓட்டுகிறேன். ஆனால் எல்லை தாண்டியதும் வரும் அந்த நேர் ரோட்டில் மட்டும் நீ ஓட்டு. மலையைப் பார்க்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பட்டணத்தில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்த வேண்டும். இதுதான் நான் உன்னிடம் கேட்பது. கிஷன் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு, வாசலில் பலா மரம், பக்கத்தில் எருமைத் தொழுவம். தேடிப் பிடித்துவிடுவேன். கிஷன் இருக்கிறாரோ இல்லையோ என்று நேற்று உன் அம்மாவிடம் கலங்கினேன். "அவரு இல்லன்னா அந்த அக்கா இருப்பாங்க. அவங்களும் இல்லன்னா அவங்க புள்ளைங்க இருக்கும். வாய மூடிகினு கெளம்பு" என்று சொல்லிவிட்டு, சேமியா, ஜவ்வரிசி, வெல்லம், முந்திரி எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுப் பைக்குள் திணித்தாள். அவர்கள் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சிக் கொடுக்கப்போகிறாளாம்.

அங்கே போய் என்ன சொல்வது என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். இந்தி பாதிதான் வருகிறது, மீதிக்கு நம் தமிழ்தான் வந்து நிற்கிறது. பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள். உன் தோளில் கையை வைத்துக்கொண்டு சொல்வேன்: "தீதி, மேரா பேட்டா. சொன்னா மாதிரி இட்டாந்துட்டேன்."

கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு கீழே வா.

நைனா